விரலளவு இடம்

கிட்ட வாங்க கண்ணுகளா, நீலகிரி மலையில் கேத்தி ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கருப்பம்மா காய்ச்சிய நீலகிரித் தைலத்தை வாங்க வந்த வியாபாரி பாலன், வழக்கம்போல் தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். நல்ல தைலம் தண்ணீர் முழுக்கப் பரவும். இது நடுவில் விரலளவு இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பரவியது.

"கலப்படமுங்க. வேண்டாம்."

"அது எங்கூட்டுக்காரர் விரல் வெச்சுப் பாக்குற இடம். செத்து ஒரு வருசமாச்சு, இன்னும் வேலைய விடலை. தைலத்தைக் குறை சொல்லாதீங்க."

பாலன் சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் விரலை விட்டார். விரல் திரும்பி வரவில்லை. கையைத் தூக்கினார்; தட்டும் கூடவே வந்தது, தண்ணீர் சிந்தவில்லை.

"சுத்தமான தைலம்னு வாயால சொல்லுங்க, விட்டுருவாரு," என்றாள் கருப்பம்மா, அடுப்பில் விறகைத் தள்ளியபடி.

சொன்னார். விரல் வந்தது. அதில் ஈரமே இல்லை.

உங்கள் வீட்டு உழைப்பை எவர் வாயும் பழிக்காதிருக்கட்டும், என் கண்ணுகளா.