பதினாறு அங்குலம்

"தப்பு என்னோடதுதான் மார்லிஸ். வைஸ் இடுக்கியில வெச்சு இறுக்கும்போது கை தவறிடுச்சு. குழல் வீணாப் போச்சு. புதுசு ஒண்ணு நானே மாட்டித் தர்றேன், காசு வேண்டாம்."

துப்பாக்கிக் கடை ராய்ஸ்தான் மார்லிஸிடம் இப்படிச் சொன்னார்.

வெறும் இரும்புக் குழலா அது? அவள் கணவர் லேலண்ட் சாவதற்கு முன் தன் கையால் செய்த கடைசி வேலை. மகள் கொரின் குள்ளம். கடையில் கிடைக்கிற நீள ரைஃபிள் எதுவும் அவளுக்குத் தோதுப்படவில்லை என்று, தபாலில் பாகங்களை வரவழைத்து, வீட்டின் கீழறையில் உட்கார்ந்து, புற்றுநோயோடு மல்லுக்கட்டிக்கொண்டே மூன்று மாதம் அதைச் செய்தார். மரக்கட்டைப் பிடிக்கு மெருகு போடுவது ஒன்றுதான் பாக்கி. அதற்குள் போய்விட்டார்.

மான் வேட்டை தொடங்க ஐந்து வாரம் இருந்தது. அந்த மிச்ச வேலையை முடித்து வாங்கத்தான் ராய்ஸிடம் கொடுத்திருந்தாள்.

"சரி, அந்தக் குழலையாவது கொடுங்க. கெட்டுப்போனதா இருந்தாலும் பரவாயில்லை."

"மூணாத் துண்டு போட்டுப் பழைய இரும்புல போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுத் துண்டு போட்டீங்க?"

ராய்ஸ் ரைஃபிளைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்.

லேலண்ட் யாரென்று அந்த மொன்டானா ஊரில் தெரியாதவர்கள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே வேட்டைப் பாடம் நடத்தியவர். வீட்டிலேயே ரைஃபிள் செய்யப்போகிறேன் என்று வருகிறவர்களை உட்காரவைத்து, முதலில் சட்டத்தைத்தான் சொல்வார். குழல் பதினாறு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் அது வேறு வகை ஆயுதம். மத்திய அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் வரை ஜெயில். செய்தவனுக்கு மட்டுமில்லை, வைத்திருக்கிறவனுக்கும்தான். அளந்து பார்க்காமல் ரம்பத்தைத் தொட்ட ஒருவனை வகுப்பைவிட்டே அனுப்பியிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனுஷனின் வேலையை ஒருத்தன் கவனமில்லாமல் கெடுத்துவிட்டு, கேட்காமல் குப்பையிலும் போட்டுவிட்டான். மார்லிஸ் யாரைப் பற்றியும் புறம் பேசுகிறவள் இல்லை. ஆனால் இதை அவளால் விழுங்க முடியவில்லை. ரொட்டிக் கடையில் சொன்னாள், முடி வெட்டும் இடத்தில் சொன்னாள், சர்ச் வாசலில் சொன்னாள். ராய்ஸுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று ஊர் மீதியைச் சேர்த்துக்கொண்டது. சில குடும்பங்கள் ரிப்பேருக்கு முப்பது மைல் தள்ளி அடுத்த ஊருக்குப் போக ஆரம்பித்தன.

ராய்ஸ் யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. புதுக் குழல் மாட்டிய ரைஃபிளை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொரின் நன்றி சொன்னாள். மார்லிஸ் வெளியே வரவேயில்லை.

அக்டோபர் கடைசியில் கொரின் தன் முதல் மானை அடித்தாள். கறியைப் பொட்டலம் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்த கையோடு, இத்தனை நாள் திறக்க மனம் வராத கீழறையை ஒழிக்கலாம் என்று மார்லிஸ் இறங்கினாள்.

லேலண்டின் மேஜை இழுப்பறையில் ஒரு குட்டிக் குழல் துண்டு இருந்தது. அவர் அறுத்து எடுத்த மிச்சம். அதைச் சுற்றி ஒரு தாள். தாளில், கோணல்மாணலாகிப்போன அவர் கையெழுத்தில் ஒரே ஒரு வரி:

20 − 4½ = 16½.

மார்லிஸ் அதை இரண்டு தரம் படித்தாள். டேப்பை எடுத்துத் துண்டை அளந்தாள். சரியாக நாலரை அங்குலம். இருபதில் நாலரை போனால்?

தாளின் ஓரத்திலேயே பென்சிலால் கழித்துப் பார்த்தாள். பதினைந்தரை.

அந்த மாதங்களில் வலி மாத்திரை அவரை எங்கெங்கோ கொண்டுபோயிருந்தது. காபியில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்றவர். ஒருநாள் கொரினின் பெயர் நினைவுக்கு வராமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர்.

அந்த ரைஃபிளைத்தான் அவள் ஊர் நடுவே வண்டியில் வைத்து ஓட்டிப்போயிருக்கிறாள். அதைத்தான் கொரின் காட்டுக்கு எடுத்துப்போயிருப்பாள். ராய்ஸ் அளந்த அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், தான் அதைத் தாங்கியிருப்போமா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸ் ஓரத்து மேஜையில் தனியாக இருந்தார். மார்லிஸ் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. லேலண்டின் பெயருக்கும் பங்கம் வராது. காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ராய்ஸ் அந்தக் குழலைக் கெடுக்கலை. லேலண்ட்தான் கணக்குத் தப்பிக் குட்டையா அறுத்துட்டார். பதினஞ்சரை இஞ்ச்தான் இருந்துச்சு. ராய்ஸ் எங்களை ஜெயில்லேர்ந்து காப்பாத்தியிருக்கார். அது தெரியாம நான்தான் ஊரெல்லாம் அவரைப் பத்தித் தப்பாப் பேசிட்டேன்."

அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் லேலண்டிடம் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராய்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"மார்லிஸ் என்மேல பரிதாபப்பட்டுச் சொல்றாங்க," என்றார். "வைஸ்ல வெக்கிறதுக்கு முன்னாடி நானே அளந்தேன். பதினாறே கால் இஞ்ச் இருந்துச்சு. லேலண்ட் அளவுல தப்புவாரா?"