தொப்பி கழற்றாத கார்டு

மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை இருவருமாக வெளியே இழுக்கிறார்கள். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் அவள், ராம் மெமரியைக் கூட்டினால் போதும் என்கிறாள். கணவனோ ப்ராசஸரையே மாற்றியாக வேண்டும் என்கிறான். காலையிலிருந்து இதே மல்லுக்கட்டு. திரையில் ஒரு மணப்பெண்ணின் சிரிப்பு பாதியிலேயே உறைந்து நிற்கிறது. "எஞ்சினே பழசுங்கறேன், நீ ராமையே பிடிச்சுத் தொங்கறே," என்று அவன் டார்ச் அடிக்கிறான். பின்பக்கம் முழுக்கத் தூசி கம்பளிபோல் படிந்திருக்கிறது. அதைத் துடைத்தபடி மானிட்டர் கேபிளைத் தொடர்ந்து போகும் அவள் விரல், கேபிள் சொருகிய இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அது மதர்போர்டிலேயே இருக்கும் பழைய துளை. அதற்குக் கீழே, வீடியோ வேலை வேகமாக நடக்கட்டும் என்று மூன்று வருடம் முன்பு ஆசை ஆசையாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. கார்டு வேலை செய்யக் கேபிள் போயிருக்க வேண்டிய அதன் துளைகளில் கம்பெனி மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தொப்பிகள் அப்படியே இருக்கின்றன.

"ஏங்க... கார்டு போட்ட அன்னிக்குக் கேபிளை எதுல சொருகினீங்க?"

"ஏன், எப்பவும் சொருகற இடத்துலதான்." சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளிறுகிறது. அவள் நகத்தால் ஒரு தொப்பியை நெம்பி எடுக்கிறாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை. பெட்டியைப் பிரித்த அன்றைய அதே மினுமினுப்பு. காத்துக் காத்து ஆறிப்போன சாப்பாடு, பொறுமையிழந்து வேறிடம் போன வாடிக்கைக்காரர்கள், 'நீ தட்டறதே ஸ்லோ' என்று அவன் அடித்த கிண்டல், எல்லாம் அவள் கண்முன் வந்துபோகின்றன. "மூணு வருஷம்," என்கிறாள். கார்டின் ஃபேன் மட்டும், தலைக்கு மேல் வேலை கிடப்பதுபோல, மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.