சாந்தமான குரலுக்குத் தொண்ணூற்றெட்டு

விமானங்களை ஏற்றுவதும் இறக்குவதும் இயந்திரத்தின் வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் மனிதருக்கென்று ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. இனிக் காப்பாற்ற முடியாது என்று இயந்திரம் கைவிட்ட விமானத்தின் பயணிகளோடு, கடைசி நொடி வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் அரசாங்க வேலை. பதினொரு இடங்களுக்கு நாற்பதாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள்.

நித்திலா நான்கு முறை தேர்வெழுதினாள். குரல் நடுங்கக் கூடாது, சொல்வது பொய்யென்று தெரியக் கூடாது. வீட்டில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே அம்மாதான் பயணியாக நடிப்பாள். பாடப்புத்தகத்தில் பயணியின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா, சின்னக் கோளாறுதான். சீக்கிரம் இறங்கிடலாம்."

"இழுக்கிறடி. எனக்கே தெரியுது. மறுபடியும் சொல்லு."

நான்காவது முறை தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கினாள். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

ஆறு வருடங்களில் மூன்று விமானங்களோடு பேசியிருக்கிறாள்.

இன்று காலை மருத்துவர் அவளை மட்டும் வெளியே அழைத்து, அம்மாவின் ஸ்கேனைக் காட்டினார். நித்திலா திரும்பி வந்து போர்வையைச் சரிசெய்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டிதான். சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எவ்வளவு நேரம் இருக்கு?"