முதலில் அதிகாரி

வீட்டைச் சோதனையிடும் முன், வீட்டுக்காரர் அதிகாரியைச் சோதித்துக்கொள்ளலாம் என்பது மத்திய விசுவாசப் புலனாய்வுத் துறையின் பழைய விதி. சட்டைப்பையைத் தடவிப் பார்த்த காலம் போய், மனத்தில் கிடக்கும் துரோகத்தைக் காட்டும் கருவி வந்த பிறகும் அது மாறவில்லை. பதினோரு ஆண்டுகளாக மரகதவல்லி ஒவ்வொரு வாசலிலும் கருவியை நீட்டியிருக்கிறாள். எல்லோரும் பதறி, "ஐயோ, வேண்டாம் மேடம்" என்பார்கள்.

இன்று கதவைத் திறந்த செண்பகம் பள்ளி ஆசிரியை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கொடுங்க, பார்த்துடுவோம். பரீட்சை ஹால்ல யாரையும் நான் சும்மா உள்ளே விட்டதில்ல."

மரகதவல்லி சிரித்தபடி நெற்றியைக் காட்டினாள். கருவி சிவப்பாக எரிந்தது.

எந்த நினைப்பு? அவள் தனக்குள் தேடினாள். போன மாதம் கைதுசெய்து அழைத்துப்போன ஒரு பெண்ணின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைத் தாண்டி வரும்போது அவள் கால் கூசியது. அவ்வளவுதான். அதை மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தாள்.

காலையில் அவளுடைய டப்பாவிலிருந்து இட்லி தின்ற, அவளோடு வந்திருந்த உதவி அதிகாரி இன்னாசி, "மேடம், கையை நீட்டுங்க" என்றான். குரலில் மரியாதை குறையவில்லை. விலங்கு பூட்டி, அவள் பெயரை எழுதி, சாட்சியாகச் செண்பகத்திடம் கையெழுத்து வாங்கினான்.

பிறகு விதிப்படி கருவியைச் செண்பகத்திடம் நீட்டினான்.

"இப்ப என்னைப் பாருங்க டீச்சர்."

செண்பகம் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம் சார்."