கிளிகளின் பழைய வக்கீல்

நீதிபதி நாற்காலியில் அணிலைப் பார்த்ததும் மரங்கொத்திக்கு நம்பிக்கையே போய்விட்டது. பன்னிரண்டு வருஷம் கிளிகளுக்காகவே வாதாடிய வக்கீல் அது. போன வாரம்தான் நீதிபதியானது. மரங்கொத்தியின் வழக்கோ ஒரு கிளியின் மேல். மரங்கொத்தி வாரக்கணக்கில் கொத்தித் தோண்டிய பொந்தில் அந்தக் கிளி புகுந்துகொண்டு, போக மாட்டேன் என்றது. முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால் மரங்கொத்தி தவித்தது.

"பொந்து நான் தோண்டினதுங்க ஐயா" என்றது கிளி, தைரியமாக.

"இந்த மூக்காலேயா?" என்றது அணில்.

"மழையில மரம் ஊறியிருந்ததுங்க. ரெண்டே நாள்ல தோண்டிட்டேன்."

அணில் மெதுவாகச் சொன்னது: "இந்தப் பதிலை உங்கப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அந்த வருஷமும் மழை பெய்யலை. கேஸ் ஜெயிச்சுது, எனக்குத்தான் ரொம்ப நாள் மனசு ஆறலை."

"ஐயா, நீங்க எங்க ஆளாச்சே!"

"வக்கீலா இருந்த வரைக்கும். இன்னிக்குள்ள பொந்தைக் காலி பண்ணிடு."

மறுநாள் காலை மரங்கொத்தி தன் பொந்துக்குள் நுழைந்து, முதல் முட்டையை இட்டது.