வெள்ளைக்காலியின் தூரம்

"ஒரு ஃபாரம் ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு?"

பயிற்சியாளர் போட்ட சத்தத்தில் லாயத்துக் குதிரைகள்கூடக் காதைத் திருப்பின.

"கை தவறிடுச்சு சார்" என்றான் குமாஸ்தா.

ஆயிரம் மீட்டர் பந்தயத்துக்குக் குதிரையின் பேரைக் கொடுக்கச் சொன்னால், அவன் இரண்டாயிரத்து நானூறு மீட்டருக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான். மாற்றுவதற்கான கெடுவும் முடிந்துவிட்டது.

குதிரைகளைப் பராமரிக்கும் லாயக்காரர் விஷயம் கேட்டு ஓடி வந்தார். வெள்ளைக்காலி அவர் பெற்ற மகளைப்போல வளர்த்த குதிரை. ஓடிய மூன்று பந்தயத்திலும் கடைசி. இந்தத் தடவையும் தோற்றால் வண்டி இழுக்க விற்றுவிடுவேன் என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"ஆயிரமே ஓட முடியாதவ, அவ்வளவு தூரம் எப்படிடா ஓடுவா? பாவி, எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே."

லாயக்காரர் குமாஸ்தாவிடம் பொரிந்து தள்ளினார்.

பந்தய நாள். ஆயிரம் மீட்டர் தாண்டும்போது வழக்கம்போல வெள்ளைக்காலிதான் கடைசி. லாயக்காரர் வேலியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது, முன்னால் போனவையெல்லாம் தளர்ந்திருந்தன. இவள் மட்டும் இப்போதுதான் கிளம்பினவள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் தாண்டி, முதலாவதாக வந்தேவிட்டாள்.

"இவ நீண்ட ஓட்டத்துக்குன்னே பொறந்தவம்மா. நான் அப்பவே நெனச்சேன்" என்றார் பயிற்சியாளர், கொஞ்சமும் கூசாமல்.

"இனிமே விக்கிற பேச்சே கிடையாது" என்றாள் முதலாளியம்மா.

லாயக்காரர் நேராக, பந்தய மைதானத்தை ஒட்டியிருந்த ஆபீசுக்குப் போய்க் குமாஸ்தாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கை தவறினதாலதான் எம் பொண்ணு பொழச்சா. நீ நல்லா இருக்கணும் தம்பி."

"தவறல அண்ணே. வேணும்னுதான் எழுதினேன். எல்லைக்கோடு தாண்டினதும் மத்த குதிரையெல்லாம் ஓய்ஞ்சு நின்னுடும். இவ மட்டும் அடங்காம இன்னும் அரைச் சுத்து ஓடிட்டுத்தான் நிப்பா. மூணு தடவையும் இந்த ஜன்னல்லேர்ந்து பாத்தேன்."

லாயக்காரர் பதறினார்.

"உன் வேலை போயிருந்தா? முன்னாடியே யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

குமாஸ்தா சிரித்தான்.

"சொன்னேனே அண்ணே, உங்ககிட்டதான். 'பேனா பிடிக்கிறவனுக்குக் குதிரையப் பத்தி என்ன தெரியும்'னு சிரிச்சுட்டுப் போயிட்டீங்க."