தலைவர் வயிற்றுச் சத்தம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. ஒரு சதிக்கதை சொல்கிறேன். சின்னதுதான், கொட்டாவி வருவதற்குள் முடிந்துவிடும்.

அது ஒரு நகைப் பாதுகாப்புச் சங்கம். உறுப்பினர்கள் நகையெல்லாம் சங்கத்து மண்டபத்திலேயே, மேடைத் திரைச்சீலைக்கு நேர் பின்னால் உள்ள அறையில், இரும்புப் பெட்டகத்தில் இருக்கும். சங்கத் தலைவருக்கு இடியண்ணன் என்று பேர். அவர் பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அதுவும் மைக் இல்லாமலே. மைக் வேண்டாம் என்று சொல்கிற அடக்கத்தை மட்டும் ஆண்டவன் அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டான்.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். பெட்டகத்துக்குக் காவல் இருப்பவரைக்கூடக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தார். அப்படியொரு தாராள மனசு.

மண்டபத்தின் கடைசியில், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற டிஜிட்டல் மிக்ஸர் முன்னால், சவுண்டு அக்கா. வீட்டில் படிக்கிற பெண்கள் இரண்டு, சம்பாதிக்கிற கை ஒன்று. அந்தக் கையைத்தான் தலைவர் அன்றைக்கு ஒடிக்க வந்தார்.

"நாளையிலேர்ந்து இந்த சீட்டுல என் மச்சினன் உட்காருவான். நீயும் எத்தனை நாளைக்குத்தான் உழைப்பே? ரெஸ்ட் எடு."

மச்சினனுக்கு மிக்ஸர் தெரியுமா என்று அக்கா கேட்டாள்.

"பட்டன்தானேம்மா. தட்டுனா கேக்கப்போவுது."

இன்றைக்கு மட்டும் தன் குரல் கூரையைப் பிய்க்க வேண்டும், ஒரு பொட்டு குறைந்தாலும் நடப்பதே வேறு என்று விரலை ஆட்டிவிட்டு மேடை ஏறினார்.

அக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. வேலைதான் போயாச்சு, முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? மிக்ஸரின் தொடுதிரையில் அவருடைய மைக்குக்கான பட்டனைத் தொட்டு, கம்ப்ரஸரைத் திறந்தாள்.

கம்ப்ரஸர் என்றதும் பயந்துவிடாதீர்கள். அது கண்டிப்பான மாமியார் மாதிரி. த்ரெஷோல்டு என்பது மாமியார் கிழித்த கோடு. சத்தம் அதைத் தாண்டினால் தலையில் குட்டு விழும். குட்டு எவ்வளவு பலம் என்பது ரேஷியோ. எத்தனை சுருக்காகக் குட்டுவது என்பது அட்டாக், எத்தனை சுருக்காகக் கையை எடுப்பது என்பது ரிலீஸ். அவ்வளவுதான் சங்கதி.

அக்கா த்ரெஷோல்டைத் தரைமட்டத்துக்கு இறக்கினாள். ரேஷியோவை ஏற்றினாள். அட்டாக்கையும் ரிலீஸையும் கண் சிமிட்டும் வேகத்தில் வைத்தாள். அடங்கிப்போனதை மறுபடி தூக்கிக்கொடுக்க மேக்கப் கெய்ன் என்று ஒன்று உண்டு. மைக் ஊளையிடுவதற்கு மயிரிழை முன்னால்வரை அதைத் திருப்பிவிட்டாள். இனி அவர் கர்ஜித்தாலும் ஒன்றுதான், கனைத்தாலும் ஒன்றுதான்.

தலைவர் முழங்கினார். ஸ்பீக்கரில் ஏதோ கடன் கேட்க வந்தவர் குரல் வந்தது. சனம் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

ஆனால் அவர் நிறுத்திய இடத்திலெல்லாம் வேடிக்கை. ஒரு வாய் தண்ணீர் குடித்தார், அருவி கொட்டியது. காகிதம் புரட்டினார், கூரை சரிந்தது. பிறகு மூச்சு வாங்க நின்றார்.

கிர்ர்ர்ர்ர்.

"தலைவருக்கு நல்ல பசி போல," என்றார் முன் வரிசையில் காவல்காரர். மண்டபமே குலுங்கியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வயிறு வரைக்கும் கேட்கும் என்று அவளே நினைக்கவில்லை.

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. சத்தத்தை ஏற்று, ஏற்று என்று கை ஜாடை காட்டினார். அவளும் பணிவாகத் தலையாட்டினாள், ஒன்றையும் தொடவில்லை. அவர் கத்தக் கத்தக் குரல் அதே அளவில் நின்றது. மூச்சு வாங்கினால் கிர்ர்ர். மறுபடி கத்தல், மறுபடி கிர்ர்ர். கடைசியில் வயிற்றைத் தடவிக்கொண்டு அசடு வழிந்தார்.

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படலைங்க."

சற்று முன் குடித்த அருவியைச் சனம் பெருந்தன்மையாக மறந்துவிட்டு, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியது. அக்காவுக்கே உறுத்தியது. என்ன இருந்தாலும் பசித்த மனுஷனைச் சபை நடுவே இப்படியா அவமானப்படுத்துவது? போகட்டும், மன்னித்துவிடலாம் என்று கெய்னைக் குறைக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் தலைவரின் வயிறு, மண்டபத்து ஸ்பீக்கர் அத்தனையிலும், மச்சினன் குரலில் கிசுகிசுத்தது: "மாமா, பெட்டகத்துல ட்ரில்லால ஓட்டை போட்டாச்சு. கத்துனது போதும், வந்து சாக்கைப் பிடிங்க."

உங்கள் வீட்டில் நகை இருக்கிறதோ இல்லையோ, நல்ல தூக்கம் நிறைய இருக்கட்டும், என் கண்ணுகளா.